நோம்பி இலையும் நொய்யல் நீரும்

கொங்கு வட்டாரத்தில் பண்டிகைக்கு நோம்பி என்று பெயர். நோன்பு என்னும் சொல்லின் பேச்சு வடிவம் அது. உண்ணாதிருத்தலைச் சுட்டும் ஒரு சொல், வயிறார உண்ணும் நாளுக்குப் பெயராக அமைந்துவிட்டது வேடிக்கைதான். தீபாவளி நோம்பி, பொங்கல் நோம்பி, மாரியம்மன் நோம்பி என இங்கு எல்லாமே நோம்பிகள்.

ஐப்பசி நெருங்கும்போது திருப்பூரில் பேச்செல்லாம் போனஸைப் பற்றியதாக இருக்கும். அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கம்பு லட்டு, தினை அதிரசம், மரச்செக்கு எண்ணெயில் சுட்ட முறுக்கு, நஞ்சில்லாக் காய்கறி என்று கடைகள் அழைக்கின்றன. ‘நம் முன்னோர் உண்டது’ என்ற வாசகம் இவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. நல்ல முயற்சிகள்தாம் இவை. குறைகாண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், முன்னோரின் நோம்பி இலையில் உண்மையில் என்ன இருந்தது, அதை விளைவித்தவர் யார், எந்தத் தண்ணீரில் அது விளைந்தது என்ற மூன்று கேள்விகளுடன் ஓர் இருநூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், இன்றைய ‘உள்ளூர் உணவு’ என்ற சொல்லுக்கு வேறொரு கனம் வந்து சேர்கிறது.

*

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நிலம் இது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே இங்குள்ள குடியானவன் தன் நிலத்தை நீரை வைத்தே மூன்றாகப் பிரித்தான். மழையை மட்டும் நம்பியது காடு. கிணற்றில் இறைத்துப் பாய்ச்சுவது தோட்டம். ஆற்று வாய்க்கால் பாய்வது வயல். காட்டில் கம்பு, சோளம், கொள்ளு, தட்டைப்பயறு, அவரை. தோட்டத்தில் ராகி, பருத்தி, புகையிலை, காய்கறி. வயலில் மட்டுமே நெல்.

திப்புவின் வீழ்ச்சிக்கு மறு ஆண்டு, 1800இல், ஆங்கிலக் கம்பெனியின் ஆணைப்படி இவ்வட்டாரத்தில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இந்த வேளாண்மையைக் கண்டு எழுதினார். அவருடைய பயண நூல் 1807இல் வெளிவந்தது. பிறகு 1887இல் எப். ஏ. நிக்கல்சன் தொகுத்த கோயமுத்தூர் மாவட்டக் கையேடும் இதே சித்திரத்தை விரிவாகத் தருகிறது. இரண்டையும் படிக்கும்போது முதலில் மனத்தில் பதிவது கிணறுகள். பாறையைக் குடைந்து இறக்கிய ஆழமான கிணறுகள். கவலை என்று கொங்கில் சொல்லப்படும் கமலை ஏற்றம். சரிவில் இறங்கி ஏறும் இரட்டை மாடுகள். ஒரு பறி நீருக்கு மாடும் மனிதனும் கொடுத்த உழைப்பை நினைத்தால், இந்நாட்டில் நெல் ஏன் அரிதாக இருந்தது என்பது விளங்கும்.

நொய்யலுக்கு இதில் சிறிய, ஆனால் முக்கியமான இடம் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் இந்த ஆறு ஆண்டு முழுதும் ஓடக்கூடியதன்று. பெருகும் நாட்களில் வரும் வெள்ளத்தை அணைக்கட்டுகளும் குளங்களும் பிடித்துவைத்துக்கொண்டன. அவற்றைச் சுற்றியிருந்த கிணறுகள் ஊறின. காஞ்சி மாநதி என்று பழம்பெயர் பெற்ற இவ்வாற்றின் வடகரையில்தான் பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம், இன்றைய கொடுமணல், இருக்கிறது. அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிகளோடும் இரும்புலைகளோடும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்துள்ளன. நொய்யல் கரையில் நூலுக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.

*

இந்த நிலத்தில் அன்றாட உணவு கம்பும் சோளமும் ராகியும். கம்பை நீர் தெளித்து உரலில் குத்தி, தவிடு நீக்கி, குருணையாக உடைத்துக் களியாகக் கிண்டுவார்கள். இரவில் உருண்டை பிடித்து நீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலை மோர் சேர்த்துக் கரைத்துக் குடிக்கும் கூழாகும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், கடைந்த கொள்ளு, ஒரு கீரை. நெல்லுச் சோறு அமாவாசைக்கும் நோம்பிக்கும் விருந்தாளிக்கும் உரியது. ‘நோம்பிச் சோறு’ என்றாலே அரிசிச் சோறு என்று பொருள்கொண்ட தலைமுறை நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை.

அன்றைய பெரிய நோம்பி தீபாவளி அன்று, பொங்கல்தான். காரணம் எளியது. வடகிழக்குப் பருவமழையில் எழுந்த பயிர் தையில்தான் களத்துக்கு வரும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுவதில் தொடங்கும் அந்த நாட்களில் இலைக்கு வருபவை எல்லாம் கண்ணெதிரே விளைந்தவை: அவரை, மொச்சை, அரசாணிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பட்டிப் பொங்கலன்று மாட்டுப் பட்டியில் பாத்தி கட்டித் தெப்பக்குளம் என்ற பெயரில் சிறு குழி வெட்டி நீர் நிறைத்து, பொங்கல் வைத்துப் படைத்து, மாடுகளை அதன் வழியே நடத்திச் செல்வார்கள். நீருக்கும் மாட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் சடங்கு வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

நோம்பிச் சமையலின் முறையையும் கவனிக்கவேண்டும். பிழிந்து ஆவியில் வேகும் சந்தகை, அதற்குத் தேங்காய்ப் பாலும் எள்ளும் வெல்லமும். பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு. அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் ஒரு கரண்டி நெய். எண்ணெய்ச் சட்டியில் சுடுவது என்றால் பச்சரிசியும் வெல்லமும் சேர்ந்த கச்சாயம் போன்ற சில மட்டுமே. எண்ணெய் செக்கிலிருந்து வந்தது. செக்குக்குப் போன எள்ளும் கடலையும் சொந்தக் காட்டிலோ பக்கத்துக் காட்டிலோ விளைந்தவை. கட்டுப்பாடு யாரும் போதித்ததால் வந்ததன்று. எண்ணெயும் இனிப்பும் அருமையாக இருந்தன, அவ்வளவே.

இதை வாசிக்கும்போது பழங்காலத்தின் மேல் ஏக்கம் வருவது இயல்பு. அந்த ஏக்கத்தைச் சற்றே இழுத்துப் பிடிக்கும் இரண்டு செய்திகளை இங்கே சேர்த்தாகவேண்டும்.

முதலாவது, பெண்களின் தோள். விடியுமுன் எழுந்து வீட்டாருக்கும் ஆட்களுக்குமாகக் கம்பு குத்தியவர்கள் அவர்கள். அரிசி ஆலை வந்ததும் உரலை விட்டு அவர்கள் விலகியதில் வியப்பில்லை. சிறுதானியத்தின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்த உலக்கை பெரும்பாலும் காணாமற்போகிறது.

இரண்டாவது, பண்ணையாட்கள். கூலியைத் தானியமாகப் பெற்று ஆண்டுக் கணக்கில் உழைத்த அருந்ததியர் குடும்பங்களுக்கு நோம்பிச் சோறு என்பது பண்ணையக்காரர் வீட்டு வாசலில் நின்று வாங்கிய சோறு. பட்டிக்காரப் பையன்களின் வாழ்வை எழுதிய பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கம்பங்கூழை அவர்கள் ஆரோக்கியத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைக் கடந்து தினமும் அரிசிச் சோறு உண்ணவேண்டும் என்று விரும்பியது அவர்களின் நியாயமான ஆசை.

*

அந்த ஆசையை நிறைவேற்றியவை இரண்டு. ஒன்று அரசின் கொள்கைகள், மற்றொன்று பனியன்.

1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் காங்கயம் பக்கம் வரை வந்தது. அமராவதி அணையும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் அடுத்தடுத்து வந்தன. அதற்கு முன்பே, 1930களில் பைக்காரா மின்சாரம் கிணற்று மேட்டுக்கு வந்து கவலை மாடுகளுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கியிருந்தது. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி; 2008இல் கிலோ ஒரு ரூபாய்; 2011இல் விலையில்லா அரிசி. நோம்பிச் சோறு அன்றாடச் சோறாயிற்று. பசியை அறிந்த எவரும் இதைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள்.

பனியனின் கதை பருத்தியிலிருந்து தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கொங்குத் தோட்டங்களில் பரவியது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் கதர் மையமாகவும் வளர்ந்தது. 1930களுக்குள் பின்னலாடைத் தொழில் வேரூன்றியது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத்தொடங்கினர். 1980களில் ஏற்றுமதி பெருகியது. காட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள் தொழிலாளியாகி, பிறகு முதலாளியானதை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தங்கள் உயர்வுக்கு அவர்கள் சொன்ன காரணம், உழவில் பழகிய உழைப்பு என்பதே.

தொழில் மாறியதும் நோம்பியும் மாறியது. உழவனின் ஆண்டு தையில் நிறைவடைந்தது. ஆலையின் ஆண்டு ஐப்பசியில் நிறைவடைகிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்னர் திருத்தப்பட்ட வடிவில், குறைந்தது 8.33 விழுக்காடு வழங்கவேண்டும் என்றது. அது தீபாவளியை ஒட்டிக் கைக்கு வந்தது. மேற்கு நாடுகளின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கும் பல மாதங்கள் முன்னதாகவே கப்பலேறியாகவேண்டும். பிறர் பண்டிகைக்கு இரவு பகலாகத் தைத்து முடித்து, பெட்டியுடன் தென்மாவட்டப் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம்தான் திருப்பூரின் தீபாவளிக் காட்சி. பன்னிரண்டு மணிநேரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவரிடம் ‘வீட்டிலேயே அரைத்து, இடித்து, சுட்டு உண்ணுங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. பலகாரம் கடையிலிருந்து வரும். எண்ணெய் ரேஷன் பாமாயிலாக இருக்கும். 2007 முதல் பாமாயில் நியாயவிலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அந்த எண்ணெய் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்தது. காங்கயத்துத் தேங்காய் எண்ணெயோ வெளி மாநிலங்களுக்குப் போகிறது. காட்டில் கம்பு இருந்த இடத்தில் பல இடங்களில் மக்காச்சோளம் நிற்கிறது; அது பல்லடத்துக் கறிக்கோழிகளின் தீவனம்.

*

இதுவரை சொன்னது தமிழகத்தின் பல ஊர்களுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும். திருப்பூரின் கதை தனியாகப் பிரிவது சாயப்பட்டறையில்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். சாயத்தைத் துணியின்பால் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்துவிடுகிறது. அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீருடன் வெளியேறும். தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து நிறத்தை வெளுக்கச் செய்தன; கரைந்த உப்பு அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெளிந்த நீர் ஆற்றில் விழுந்தாலும் நாக்கு உண்மையைச் சொன்னது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும்; மண் இறுகும்; நீர் உள்ளிறங்காது; வேர் மூச்சுத் திணறும்.

சாயம்போடத் தேவையான நல்ல தண்ணீரோ சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நகருக்கு வந்தது. வெள்ளாமை கைகொடுக்காத ஆண்டுகளில் கிணற்று நீரை விற்றவர்களும் உழவர்களே. 2005இல் பவானிப் பக்கத்திலிருந்து காவிரி நீர் குழாய்வழி வரத்தொடங்கும் வரை நிலைமை ஏறத்தாழ இதுதான். மேட்டுக் கிணறு நகருக்கு நீர் கொடுத்தது; நகரம் பள்ளத்துக் கிணற்றுக்கு உப்பு கொடுத்தது.

பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிற்று. திறந்துவிட்டால் கீழே பயிர் கருகும்; மூடிவைத்தால் சுற்றிலும் கிணறுகள் கெடும். எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் 1998இல் ‘சாயத்திரை’ நாவலை எழுதியபோது அவர் முன்னிருந்த திருப்பூர் இதுதான். ஊரின் செல்வத்தைப் பற்றிப் பலரும் பேசிக்கொண்டிருந்த நாளில் ஊரின் நீரைப் பற்றி ஓர் இலக்கியப் படைப்பு பேசியது நம் நினைவில் இருக்கவேண்டியது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் பூட்டப்பட்டன, ஊரே நின்றது. அன்றாடக் கூலியை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடும் சிறிதன்று. பின்னர் அரசின் கடனுதவியுடன், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு அவை படிப்படியாகத் திறந்தன. நாட்டிலேயே முன்மாதிரி என்று இன்று சொல்லப்படும் அந்த ஏற்பாடு, ஆற்றின் கடைமடையிலிருந்த உழவர்களின் விடாப்பிடியால் விளைந்தது. ஆனால், முப்பது ஆண்டுகளாக நிலத்தடியில் இறங்கிய உப்பை எந்த ஆணையாலும் ஒரே நாளில் திருப்பி அழைக்க முடியாது. மழைதான் அதை ஆண்டாண்டாகக் கழுவவேண்டும். இந்த நாட்டில் மழை எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம்.

*

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு வரலாம்.

இயற்கை வேளாண்மையைத் தமிழகத்தில் மக்கள் பேச்சாக்கியவர் கோ. நம்மாழ்வார். 2013இல் மறைந்த அவர் நிறுவிய வானகம், நொய்யல் காவிரியில் கலக்கும் அதே கரூர் மாவட்டத்தில், கடவூர்ப் பக்கம் இருக்கிறது. பூச்சிக்கொல்லியையும் ரசாயன உரத்தையும் விடு என்று அவர் சொன்னதை நாம் எளிதாகப் பிடித்துக்கொண்டோம். மண்ணையும் நீரையும் சேர்த்தே அவர் பேசினார் என்பதை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆற்றோரத்து உழவர் ஒருவர் ஒரு பிடி யூரியாகூடப் போடாமல், சாணமும் தழையும் மட்டும் இட்டுப் பயிர்செய்யலாம். கிணறு உப்பாக இருந்தால் அவருடைய கீரையும் தக்காளியும் வாடத்தான் செய்யும். ஓரளவு உப்பைத் தாங்கும் தென்னை ஒன்றே அவருக்கு மிஞ்சும். இயற்கை உரம் கிணற்றை இனிக்கச் செய்யாது. ஆகவே திருப்பூரில் ‘இதில் மருந்து அடித்தார்களா’ என்று கேட்பது பாதிக் கேள்வி. ‘இது எந்தத் தண்ணீரில் விளைந்தது’ என்பது மறுபாதி.

இங்கு இன்னொரு முரணும் உண்டு. இயற்கைப் பருத்தியில் பின்னிய, சான்று பெற்ற குழந்தை ஆடைகள் திருப்பூரிலிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. பருத்தி விளைந்த நிலம் முதல் கழிவுநீர் வரை கேள்வி கேட்கும் உரிமையை அந்நாட்டு நுகர்வோர் பெற்றிருக்கிறார்கள். அந்த ஆடையைத் தைத்தவர் தன் குழந்தைக்கு வாங்கும் கீரைக் கட்டைப் பற்றி அத்தகைய கேள்வி கேட்க வழியிருக்கிறதா?

வழி முற்றிலும் அடைபடவில்லை. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் திருப்பூருக்கும் சந்தைகள் அமைந்தன. அங்கே விளைவித்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஊரையும் கிணற்றையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். சாயநீர் எட்டாத மானாவாரிக் காடுகள் தாராபுரம், குண்டடம், மூலனூர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரமும் வளர்த்து, காங்கேயம் மாடுகளை மேயவிடும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இவ்வட்டாரத்துக்கே உரியது. மழை தவிர வேறு நீர் கேட்காதது. மூலனூர் முருங்கை, உடுமலைப் பக்கத்து வெல்லம், ஊத்துக்குளி வெண்ணெய், காங்கயத்துத் தேங்காய் என்று பெயர்பெற்ற பொருள்கள் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன.

நோம்பிச் சமையலுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். ஐப்பசி நோம்பிக்குப் பத்து வகைப் பலகாரம் பொரிக்கவேண்டும் என்ற கட்டாயம் பழையதன்று. போனஸோடும் கடைவீதியோடும் சேர்ந்து வந்தது. ஆவியில் வெந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும் ஓர் இலைக்கு நிறைவு தரும். ஒரு கச்சாயம் போதும். மறுவேளைக்குக் கொள்ளும் கம்பும் இருக்கலாம். குத்துவதற்கு இப்போது இயந்திரம் இருப்பதால் ஒரு பெண்ணின் தோளை வருத்தாமலேயே அவை அடுப்புக்கு வரும். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு கம்பின் விலை பேசப்படும் இடங்கள் மாறியிருக்கின்றன. அதை விளைவிப்பவருக்கும் பனியன் தைப்பவருக்கும் அது எட்டுகிற விலையில் இருக்கவேண்டும் என்பதும் சேர்த்துப் பேசப்பட்டால்தான் ‘நம் முன்னோர் உண்டது’ என்ற வாசகத்துக்கு நேர்மை வரும்.

நொய்யலின் கீழ்க்கரை ஊர்களில் தை பிறந்தால் இன்றும் பட்டியில் தெப்பக்குளம் வெட்டுகிறார்கள். அதில் ஊற்றும் நீரை மாடு வாய்வைத்துக் குடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.